கர்த்தருடைய சிட்சை என்றால் என்ன? திருப்பூர் தம்பி ஒருவருக்கு என் பதில்

தம்பி, நீங்கள் எழுதியதை ராத்திரி ஒரு தடவை, காலையில் ஒரு தடவை படித்தேன். மற்றவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் உங்கள் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 12 மெஷின் போட்டு, பனியன் தைத்துக்கொடுக்கிற பவர் டேபிள் யூனிட் நடத்திக்கொண்டிருந்தீர்கள். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டதும் ஜாப் ஒர்க் குறைந்து, அப்புறம் சுத்தமாக நின்றுபோனது. மெஷின்களை வந்த விலைக்குக் கொடுத்துக் கடனில் பாதியை அடைத்தீர்கள். அந்தச் சமயத்திலேயே அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பிசியோதெரபி செய்கிறவர் வந்து அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக விரிக்கும்போது அவர் வலி தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார், பார்க்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சபையில் ஒரு பெரியவர் "இது கர்த்தருடைய சிட்சை, எந்தப் பாவத்தை மறைத்து வைத்திருக்கிறாய் என்று யோசி" என்கிறார். இன்னொருவர் "விசுவாசம் இருந்தால் மாத்திரையை நிறுத்து" என்கிறார். அடிக்கிற கடவுளை அன்பானவர் என்று எப்படி நம்புவது, இன்னும் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பது என்பது உங்கள் கேள்வி.

முதலில் மாத்திரை. நிறுத்தாதீர்கள். ரத்த அழுத்த மாத்திரையை விட்டுவிட்டு இரண்டாவது தடவை பக்கவாதம் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சுவிசேஷம் எழுதின லூக்கா ஒரு வைத்தியர், அப்போஸ்தலன் பவுல் அவரைப் "பிரியமான வைத்தியன்" என்றுதான் எழுதுகிறார். மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர் நாளைக்கு ஏதாவது ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்கப்போவதில்லை.

அடுத்தது அந்தப் பெரியவர் சொன்னது. அவர் கெட்ட மனதோடு சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன், ஆனால் தப்பாகச் சொல்லியிருக்கிறார். அமெரிக்கா வரி போட்டபோது திருப்பூரில் எத்தனை யூனிட்டில் மெஷின் நின்றது என்று உங்களுக்கே தெரியும். ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இந்து, முஸ்லிம், கிறிஸ்தவ முதலாளிகள் மூன்று பேருக்கும் ஆர்டர் இல்லை. அத்தனை பேரும் ஒரே மாதத்தில் மறைவாகப் பாவம் செய்தார்களா? இதே கேள்வியை இயேசுவிடம் கொண்டுபோனவர்கள் உண்டு. லூக்கா 13-ம் அதிகாரம். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்துப்போனார்கள், அவர்கள் எருசலேமில் இருந்த மற்ற எல்லோரையும்விடக் குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, அப்படியல்ல என்று அவரே பதிலும் சொல்கிறார். சொன்னதோடு விடவில்லை, நீங்கள் மனந்திரும்புங்கள் என்று கேட்க வந்தவர்கள் பக்கமே திருப்பிவிட்டார். செத்தவனின் பாவத்தைக் கணக்குப் போட வந்தவன் தன் கணக்கைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. யோவான் 9-ல் பிறவிக் குருடனைப் பார்த்து "இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா" என்று சீஷர்களே கேட்டபோதும் இரண்டும் இல்லை என்றுதான் சொன்னார்.

சரி, அப்படியானால் சிட்சை என்று ஒன்று இல்லையா? இருக்கிறது. அதை மறுத்துவிட்டு உங்களுக்கு ஆறுதல் சொன்னால் அது பொய் ஆறுதல். பைபிளில் எபிரெயர் நிருபம், அதாவது எபிரெயருக்கு எழுதின கடிதம், அதன் 12-ம் அதிகாரம் அதைப் பற்றித்தான் பேசுகிறது, நீங்களும் அந்த வசனத்தைத்தான் குறிப்பிட்டீர்கள். "கர்த்தர் எவனிடத்தில் அன்புகூருகிறாரோ அவனை அவர் சிட்சித்து" என்று வருவது. இந்தச் சொல்லைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் உங்கள் பாரத்தில் பாதி இறங்கும் என்று நம்புகிறேன்.

சிட்சை என்று நாம் வீட்டில் யாரும் பேசுவதில்லை, பைபிளைத் திறந்தால்தான் அந்தச் சொல் வருகிறது. வடமொழியின் சிக்ஷாதான் தமிழில் சிட்சை ஆனது. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் போனால் மலையாளத்தில் சிக்ஷ என்றால் தண்டனை. ஆனால் உங்கள் யூனிட்டில் பீகாரிலிருந்து வந்து வேலை பார்த்த யாரிடமாவது சிக்ஷா என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், பிள்ளையின் படிப்பு என்பார், மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்புவதே அதற்குத்தான் என்பார். ஒரே சொல் மேற்கே போனால் அடி, வடக்கே போனால் பள்ளிக்கூடம். எபிரெயர் நிருபத்தின் மூலமொழியான கிரேக்கத்தில் இருக்கிற சொல் பாய்டேயா. பாய்ஸ் என்றால் பிள்ளை, பாய்டேயா என்றால் பிள்ளையை வளர்த்து ஆளாக்குவது. சொல்லிக்கொடுப்பது, பழக்குவது, கண்டிப்பது, தேவைப்பட்டால் வலிக்கிறமாதிரி கண்டிப்பது, எல்லாம் அதற்குள் அடக்கம். எபேசியர் 6:4-ல் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல் கர்த்தருக்கேற்ற சிட்சையிலும் போதனையிலும் வளருங்கள் என்று தகப்பன்மாருக்குச் சொல்லுகிற இடத்திலும் இதே சொல்தான்.

வலியை மறைக்கவும் கூடாது. நீதிமொழிகள் 3:12-ஐத்தான் எபிரெயர் நிருபம் எடுத்துக் காட்டுகிறது, ஆனால் கிரேக்கப் பழைய ஏற்பாட்டிலிருந்து எடுக்கிறது. எபிரெய மொழியில் "தகப்பன் தான் நேசிக்கிற புத்திரனைச் சிட்சிக்கிறதுபோல" என்று மென்மையாக இருக்கிற வரி, கிரேக்கத்தில் சாட்டையால் அடிக்கிறார் என்கிற சொல்லோடு வருகிறது. அதனால்தான் நம் தமிழ் பைபிளிலும் நீதிமொழிகளில் ஒரு மாதிரியும் எபிரெயரில் "தண்டிக்கிறார்" என்றும் இருக்கிறது. வலிக்கும் என்பதை வேதமே ஒத்துக்கொள்கிறது. 11-ம் வசனம் எந்தச் சிட்சையும் இப்போதைக்குச் சந்தோஷமாய்க் காணாது, துக்கமாய்த்தான் காணும் என்கிறது. சபையில் கைதட்டிச் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று உங்களை யாராவது கட்டாயப்படுத்தினால் இந்த வசனத்தைக் காட்டுங்கள்.

இப்போது பலபேர் கவனிக்காமல் தாண்டிப்போகிற ஒரு விஷயம். இந்த நிருபம் யாருக்கு எழுதப்பட்டது? 10-ம் அதிகாரம் 32 முதல் 34 வரை பாருங்கள். அவர்கள் நிந்தைப்பட்டவர்கள், வேடிக்கையாக்கப்பட்டவர்கள், தங்கள் "ஆஸ்திகளையும் சந்தோஷமாய்க் கொள்ளையிடக் கொடுத்தவர்கள்". ஒரு காலத்தில் அவ்வளவு உறுதியாக இருந்தவர்கள் இப்போது களைத்துப்போய், கூடிவருவதையே சிலர் விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு வந்த நஷ்டம் பாவத்தால் வந்ததா? ஒருபோதும் இல்லை, விசுவாசத்தை விடாததால் வந்தது. அந்தப் பாடுகளைத்தான் இந்த நிருபம் சிட்சை என்று சொல்லுகிறது! ஆக எபிரெயர் 12-ஐக் கையில் வைத்துக்கொண்டு "நீ என்ன பாவம் செய்தாய்" என்று கேட்கிறவர், அந்த அதிகாரத்தை அதற்கு முந்தின இரண்டு அதிகாரங்களிலிருந்து பிடுங்கி எடுத்துவிட்டார். இன்னும் சொல்லப்போனால், பாவமே இல்லாத இயேசு "பட்டபாடுகளினாலே கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார்" என்று 5:8 சொல்கிறது. பாடு என்றாலே குற்றத்துக்குக் கூலி என்றால் இந்த வசனத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

குற்றத்துக்கான கூலி வேறு இடத்தில் தீர்ந்துவிட்டது. ஏசாயா 53:5-ல் "நமக்குச் சமாதானத்தை உண்டுபண்ணும் ஆக்கினை அவர்மேல் வந்தது" என்று படிக்கிறோமே, அங்கே ஆக்கினை என்று தமிழில் இருப்பதற்கு எபிரெயச் சொல் மூசார். நீதிமொழிகள் 3:11-ல் "கர்த்தருடைய சிட்சை" என்று வருகிற இடத்திலும் அதே மூசார். இதை முதல் தடவை தெரிந்துகொண்ட அன்று நான் வெகுநேரம் புத்தகத்தை மூடாமல் உட்கார்ந்திருந்தேன். தண்டனையாக இறங்க வேண்டியது அவர்மேல் இறங்கிவிட்டதால்தான் நம்மிடம் வருவது வளர்ப்பாக வருகிறது. ஒரு கடனை இரண்டு பேரிடம் வசூல் செய்கிறவர் அல்ல நம் பிதா.

என் அப்பிச்சிக்கு, அம்மாவின் அப்பாவுக்கு, காங்கேயம் பக்கத்தில் கொஞ்சம் கொறங்காடு, அதாவது மேய்ச்சல் காடு, இருந்தது. எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒரு மயிலை இளங்காளையை வண்டிக்குப் பழக்கினார். அதை நான் கூடவே இருந்து பார்த்தேன், இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. முதல் சில நாள் வெறும் நுகத்தடிதான், பின்னால் ஒன்றும் கிடையாது. அதையும் உழுது போட்ட மெத்தான மண்ணில்தான் நடக்க விடுவார், விழுந்தாலும் அடிபடாது. அப்புறம் ஒரு கட்டையைக் கட்டி இழுக்க விட்டார். வண்டி அதற்கப்புறம்தான். எப்போதுமே அதைத் தனியாகப் பூட்ட மாட்டார், பக்கத்தில் செவலை என்று ஒரு பழைய எருது நிற்கும். இளசு துள்ளும், பக்கவாட்டில் இழுக்கும், படுத்துக்கொள்ளும். செவலை அசையாமல் நிற்கும். இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு இளசு அதன் நடைக்கு வந்துவிடும். சாயந்திரம் அவிழ்த்துவிட்டதும் அப்பிச்சி அதன் கழுத்தைத் தடவிப் பார்ப்பார், எங்கேயாவது தோல் உரிந்திருந்தால் விளக்கெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போடுவார், அடுத்த நாள் அதற்கு ஓய்வு. தார்க்குச்சி சாளையின் எரவாணத்தில் செருகியிருக்கும், அதை அவர் எடுத்து நான் பார்த்தது இரண்டோ மூன்றோ தடவைதான். கோபமாக இருக்கிற அன்றைக்கு மாட்டுப் பக்கமே போக மாட்டார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் ஆத்திரத்தில் அடித்தே பழக்கிய மாடு, ஆள் கையைத் தூக்கினாலே மிரண்டு ஓடும். கடைசியில் கண்ணபுரம் சந்தையில் பாதி விலைக்குக்கூட கேட்க ஆளில்லை.

எபிரெயர் 12:11-ல் "அதில் பழகினவர்களுக்கு அது நீதியாகிய சமாதான பலனைத் தரும்" என்று தமிழில் போட்டிருக்கிறார்கள் பாருங்கள், அந்தப் "பழகினவர்களுக்கு" என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொறங்காடும் மஞ்சள் பூசின கழுத்தும்தான் ஞாபகம் வரும். கிரேக்கத்தில் அது உடற்பயிற்சி செய்கிறவனுக்குச் சொல்லுகிற சொல், ஜிம் என்று இப்போது தெருவுக்குத் தெரு இருக்கிறதே, அதன் மூலம் அதுதான். "என் நுகத்தை ஏற்றுக்கொண்டு என்னிடத்தில் கற்றுக்கொள்ளுங்கள்" என்று இயேசு கூப்பிடும்போது, ஏற்கெனவே அந்த நுகத்தின் இன்னொரு பக்கம் அவர் நின்றுகொண்டிருக்கிறார் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

பாவத்துக்காகவும் கர்த்தர் சிட்சிப்பது உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி வந்தது அப்படித்தான். கொரிந்து சபையில் பலபேர் பலவீனப்பட்டதைப் பற்றிப் பவுல் எழுதியதும் அப்படித்தான், அங்கேகூட உலகத்தோடே ஆக்கினைக்குள்ளாகாதபடிக்கே சிட்சிக்கப்படுகிறோம் என்று காரணத்தையும் சேர்த்தே எழுதுகிறார். என் வாழ்க்கையிலும் அது நடந்தது. அதைச் சொன்னால்தான் வித்தியாசம் உங்களுக்கு விளங்கும்.

2011-ல் நான் ஒரு சாய ஆலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். மழை பெய்கிற ராத்திரியில் சாயக்கழிவு வால்வைத் திறந்துவிடச் சொல்வார்கள், மழைத்தண்ணீரோடு போய்விட்டால் யாருக்கும் தெரியாது. நான்தான் திறப்பேன். நொய்யலில் போகிற தண்ணீரைப் பார்த்தே இன்றைக்கு எந்த நிறம் ஓடுகிறது என்று சொல்லிவிடுகிற காலம் அது. அடுத்த நாள் ஞாயிறென்றால் அதே கையோடு காணிக்கைத் தட்டு எடுத்துக்கொண்டு போவேன். 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாய ஆலைகளை மூடச் சொன்னது, கழிவு ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்ற உத்தரவை யாரும் சரியாக நிறைவேற்றவில்லை என்பதால். ஒரு வருடத்துக்கு மேல் எனக்கு வேலை இல்லை. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா, ஆலை திறக்க வேண்டும் என்று உபவாச ஜெபம் வைத்தோம். "சத்துருவின் கிரியை" என்று ஜெபித்தோம். ஒருவர்கூட ஆற்றுக்காக ஜெபிக்கவில்லை.

அந்த வருடம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். கை கழுவ லாரித் தண்ணீர் வைத்திருந்தார்கள். வாசலிலேயே கிணறு இருக்கிறதே என்று எட்டிப் பார்த்தேன், தண்ணீர் மேலேயே இருந்தது. அந்த வீட்டுப் பெரியவர் "அது ஆடுகூட குடிக்காதுங்க, இருந்த தென்னையெல்லாம் அதுலதான் போச்சுங்க" என்றார், என்னைக் குற்றம் சொல்லவில்லை, நான் என்ன வேலை பார்த்தேன் என்றே அவருக்குத் தெரியாது. சாப்பாடு இறங்கவில்லை. "நான் உபத்திரவப்படுவதற்கு முன் வழிதப்பி நடந்தேன்" என்று சங்கீதம் 119:67-ல் இருப்பது அன்றைக்குத்தான் எனக்கு எழுதினது மாதிரி இருந்தது. இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் போய் அந்தப் பெரியவரிடம் வால்வைத் திறந்தவர்களில் நானும் ஒருவன் என்று சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டுபோய், எந்த வருடம் எந்த மரம் பட்டுப்போனது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். நான் கூடவே நடந்தேன். அதற்குமேல் எதுவும் செய்யத் தெரியவில்லை. பிறகு ஒரு பொது சுத்திகரிப்பு நிலையத்தில் குறைந்த சம்பளத்துக்கு வேலை கிடைத்தது, சாயத்தண்ணீரை வடிகட்டி, உப்பைத் தனியாகப் பிரித்து, தண்ணீரைத் திரும்ப ஆலைக்கே அனுப்புகிற வேலை. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

இதிலிருந்து நான் கண்டுகொண்டது ஒன்று உண்டு. கர்த்தர் பாவத்துக்காகக் கடிந்துகொள்ளும்போது பெயர் சொல்லிச் சொல்லுவார். எந்த வால்வு, எந்த ராத்திரி, யாருடைய கிணறு என்று தெளிவாகத் தெரியும். நாத்தான் தாவீதிடம் "ஏதோ ஒரு பாவம் இருக்கும், யோசித்துப் பார்" என்று சொல்லவில்லை, "நீயே அந்த மனுஷன்" என்று, தாவீது கொல்லச் செய்த உரியாவின் பெயரோடு சொன்னான். சொன்னதும் தாவீதுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது. உங்களுக்கு இருப்பது அப்படியா? ராத்திரியெல்லாம் சிறுவயதிலிருந்து செய்ததையெல்லாம் தோண்டித் தோண்டிப் பார்க்கிறேன், ஒன்றும் பிடிபடவில்லை, ஆனாலும் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப் பனிமூட்டம் மாதிரி மூடுகிற குற்ற உணர்வைப் பிதாவின் குரல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குறிப்பாக ஏதாவது தெரிந்தால், தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி, ஏமாற்றின பில், அப்படி ஏதாவது தெரிந்தால், அதை இன்றைக்கே சரிசெய்யுங்கள். தெரியவில்லையென்றால் தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தூங்குங்கள்.

எத்தனை நாள் தாக்குப்பிடிப்பது என்று கேட்டீர்கள். எபிரெயர் 12:1-ல் ஓட்டத்தைப் "பொறுமையோடே" ஓடச் சொல்கிறது. பொறுமை என்றதும் நாம் வாயை மூடிக்கொண்டு சும்மா இருப்பதை நினைத்துக்கொள்கிறோம். தமிழில் பொறுப்பது என்றாலே பாரத்தைத் தாங்குவதுதான், கிரேக்கத்திலும் ஹூப்போமொனே என்றால் கீழே நிலைத்து நிற்பது, சுமைக்குக் கீழே இருந்து நழுவிவிடாமல் இருப்பது. அழக் கூடாது என்றோ கேள்வி கேட்கக் கூடாது என்றோ அதில் இல்லை. யோபு கேட்காத கேள்வியா? அவனைத்தான் யாக்கோபு தன் நிருபத்தில் பொறுமைக்கு உதாரணம் காட்டுகிறார்.

இரட்சிக்கப்பட்டவன் கடைசிவரை நிலைத்திருப்பது நிச்சயமா, அல்லது விட்டுவிட வாய்ப்பு உண்டா என்பது பழைய விவாதம். 1618-19-ல் நெதர்லாந்தில் டோர்ட் என்ற ஊரில் திருச்சபைச் சங்கமாகக் கூடினவர்கள் தேவன் தம் மக்களைக் கடைசிவரை காப்பார் என்று தீர்மானித்தார்கள், பின்னால் வந்த, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லி விசுவாசத்தை விட்டு விழவும் கூடும் என்று போதித்தார். நம் கொங்குப் பகுதியில் இரண்டும் உண்டு. 1830-ல் அடிஸ் ஐயர் கோயம்புத்தூருக்கு வந்தது முதல் இங்கே இருந்தது லண்டன் மிஷன், கரூர்ப் பக்கம் வெஸ்லியன் மிஷன், 1947 செப்டம்பரில் சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இரண்டு வழியில் வந்தவர்களும் ஒரே திருச்சபையானார்கள். என் நம்பிக்கை பேதுருவின் கதையில் நிற்கிறது. "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு நான் உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்று இயேசு சொன்னார், அதற்கப்புறமும் பேதுரு மறுதலித்தான், ஆனாலும் அந்த ஜெபம் வீணாகவில்லை. உங்கள் பிடி தளர்ந்தாலும் உங்களைப் பிடித்திருக்கிற கை தளராது. அதேசமயம் எபிரெயர் நிருபத்தின் எச்சரிப்புகளையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கர்த்தர் நம்மைக் காக்கிற வழிகளில் அந்த எச்சரிப்புகளும் ஒன்று.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்கிறேன். சிட்சை என்ற சொல்லை வைத்து, குடித்துவிட்டு அடிக்கிற புருஷனோடு ஒரு பெண்ணைப் பொறுத்துக்கொண்டு இருக்கச் சொல்வதை நான் சபைகளில் கேட்டிருக்கிறேன். அந்த அடி பிதாவின் கையிலிருந்து வருவதல்ல. இதைப் படிக்கிற சகோதரி யாராவது அந்த நிலைமையில் இருந்தால் முதலில் பத்திரமான இடத்துக்குப் போங்கள், பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் செய்யுங்கள், வேத பாடத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

குணமாகவில்லை என்றால் விசுவாசம் இல்லை என்று சொல்கிறவர்களுக்கு டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாவைக் காட்டலாம். 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர், ஒருமுறைகூட விடுமுறைக்குத் தாய்நாடு திரும்பவில்லை. 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து அடிபட்டார். எத்தனையோ பேர் ஜெபித்தார்கள். பழைய உடல்நிலை திரும்பவில்லை. 1951 ஜனவரியில் இறக்கும்வரை ஏறக்குறைய 20 வருடம் பெரும்பாலும் தன் அறையிலேயே இருந்தார், அங்கேயிருந்தே எழுதினார், தான் எடுத்து வளர்த்த பிள்ளைகளைக் கவனித்தார். அவர் எந்தப் பாவத்தை மறைத்தார் என்று யார் கேட்பார்கள்?

இப்போது நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். மீட்டர் வட்டிக்கு மட்டும் போகாதீர்கள், "சாட்சி"க்காக மறுபடியும் யூனிட் திறந்து காட்ட வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம், கொஞ்ச நாள் இன்னொருவரிடம் சம்பளத்துக்கு வேலை பார்ப்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. சபையில் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாத ஒரே ஒரு ஆளையாவது கண்டுபிடித்து வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள், செவலை மாதிரி ஒருவர் போதும். ஞாயிறு ஆராதனையை விடாதீர்கள், பாட வராவிட்டால் சும்மா உட்கார்ந்திருங்கள், பக்கத்தில் இருப்பவர்கள் பாடுவார்கள்.

அப்பாவைப் பற்றி ஒன்று. எபிரெயர் 12:12-ல் "நெகிழ்ந்த கைகளையும் தளர்ந்த முழங்கால்களையும்" நிமிர்த்துங்கள் என்று வருகிறது. அங்கே தளர்ந்த என்பதற்குக் கிரேக்கத்தில் இருக்கிற சொல், லூக்கா 5-ல் படுக்கையோடு இறக்கிவிட்டார்களே அந்தத் திமிர்வாதக்காரனுக்குச் சொன்ன அதே சொல். அவனையும் நாலு பேர் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். நாளைக்கு அந்தப் பிசியோதெரபி தம்பி வரும்போது வெளியே போய் நிற்காதீர்கள். அவர் வலது கையின் விரல்களை விரிக்கும்போது நீங்கள் அப்பாவின் இடது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்பா உங்கள் கையை நசுக்குவார், பரவாயில்லை. முடிந்ததும் அந்த அதிகாரத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படியுங்கள், பேச்சு குழறினாலும் அவருக்குக் காது கேட்கிறது. படித்துவிட்டு அப்பா என்ன செய்தார் என்று எனக்கு எழுதுங்கள்.